மிதிவண்டியில் ஒரு மர்ஹலா



நமது மார்க்கச் சட்ட நூல்களில் பிரயாணத்திற்கென்று தனியொரு பாடம் உண்டு. மத்ரஸா மாணவர்கள் அதனை ஓதும்போது பர்ஸக், மர்ஹலா என்னும் பழைய அளவுகளை மனனம் செய்கிறார்கள். மூன்று மைல் ஒரு பர்ஸக். எட்டு பர்ஸக் ஒரு மர்ஹலா. சுமை ஏற்றிய ஒட்டகம் ஒரு பகலில் இயல்பாகக் கடக்கும் தூரமே ஒரு மர்ஹலா எனப்படும். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது சுமார் 82 கி.மீ. தூரம் செல்பவர் தொழுகையைச் சுருக்கித் தொழலாம். நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் பலர் 48 மைல், அதாவது சுமார் 77 கி.மீ. என்று கணக்கிடுகிறார்கள். கணக்கிடும் முறையில் சிறு வேறுபாடுகள் உண்டு.

இவற்றையெல்லாம் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதிவிடும் மாணவரிடம், “ஒரு மர்ஹலா எவ்வளவு தூரம் தம்பி?” என்று கேட்டுப் பாருங்கள். “பேருந்தில் ஒரு மணி நேரம், உஸ்தாத்” என்பார். அதில் அவர் குற்றம் ஏதுமில்லை. இயந்திர வாகனங்கள் நமக்கு வேகத்தைத் தந்தன. தூரம் என்பது உடலுக்குத் தெரியாமலே போயிற்று. பிரயாணிக்கு இறைவன் ஏன் சலுகை அளித்தான் என்பதைக் குளிரூட்டப்பட்ட பேருந்தில் அமர்ந்து எப்படி உணர்வது?

இதனை உணர்ந்து பார்க்க ஒட்டகம் தேட வேண்டியதில்லை. வீட்டின் பின்புறம் துருப்பிடித்துச் சாய்ந்திருக்கும் மிதிவண்டி போதும்.

வாகனத்தின் வரலாறு

இன்று நாம் காணும் மிதிவண்டியின் வடிவம் ஏறத்தாழ 140 ஆண்டுப் பழமையுடையது. சம அளவான இரு சக்கரங்களும், பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் கொண்ட வண்டியை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் உருவாக்கினார். காற்றடைத்த டயரை ஜான் பாய்ட் டன்லப் 1888இல் கொணர்ந்தார். அதன்பின் எத்தனையோ மேம்பாடுகள் வந்தபோதிலும் அடிப்படை அமைப்பு மாறவேயில்லை. நடப்பதற்குச் செலவிடும் அதே உழைப்பில் நடையைப் போல் மூன்று மடங்கு வேகத்தை இது தருகிறது. எண்ணெய் கேட்பதில்லை, புகை கக்குவதில்லை.

நம்மில் நாற்பதைக் கடந்தவர்கள் எல்லோரும் வாடகைக் கடையில் மணிக்கணக்குப் பேசி வண்டி எடுத்து, குரங்குப் பெடல் போட்டு, முழங்கால் சிராய்ப்போடு கற்றவர்கள்தாம். 1991, 1992ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் மிதிவண்டி கற்றார்கள். அவர்களில் நம் சமுதாயத்துப் பெண்களும் இருந்தார்கள். தண்ணீர்க் குடத்திற்கும், கடைத்தெருவிற்கும், பிள்ளையின் பள்ளிக்கூடத்திற்கும் பிறர் கையை எதிர்பாராத நிலை அவர்களுக்குக் கிடைத்தது. இத்தகைய எளிய வாகனத்தை ஏழையின் அடையாளமென்று ஒதுக்கிவிட்டு, பத்தாம் வகுப்பு முடித்த மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தந்து, நள்ளிரவில் அவன் திரும்பும்வரை உறங்காமல் காத்திருக்கும் பெற்றோர் எத்தனை பேர்!

ஐவர் புறப்பட்டோம்

நண்பர்கள் ஐவர், ஜனவரி மாதத்து ஞாயிறொன்றில் இராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைவரை மிதிவண்டியில் சென்றுவந்த ஒரு பகலைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். மத்ரஸாவுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமைதான். ஆனால் ஜும்ஆ கடமையானவர் அதனைத் தவறவிடும் வகையில் வெள்ளியன்று வைகறைக்குப் பின் பயணம் தொடங்குவதை ஷாஃபிஈ மத்ஹப் அனுமதிப்பதில்லை. எனவே ஞாயிறே வசதியாயிற்று.

ஐவரில் மூத்தவர், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். ஒருவர் இருபதாண்டுகள் வளைகுடாவில் உழைத்து, சேமிப்போடு சர்க்கரை நோயையும் சேர்த்துக்கொண்டு திரும்பியவர். மற்ற இருவர் துணி வியாபாரிகள். ஒருவர் மற்றவரின் தங்கையை மணந்தவர். பரம்பரை வீட்டின் பாகப் பிரிவினையில் எழுந்த பிணக்கால் ஈராண்டுகளாக இருவருக்குமிடையே பேச்சில்லை, ஸலாமும் இல்லை. இருவருமே எங்கள் நண்பர்கள். ஒருவரை அழைத்து மற்றவரை விட மனம் வரவில்லை. மற்றவரும் வருகிறார் என்பதை இருவரிடமும் முன்கூட்டியே சொல்லித்தான் அழைத்தோம். இருவரும் மறுக்கவில்லை. இதனை எழுதவும் இருவரின் அனுமதியைப் பெற்றுள்ளேன்.

‘ஸஃபர்’ என்னும் அரபுச் சொல்லுக்கு வெளிப்படுத்துதல் என்னும் வேர்ப்பொருளும் உண்டு. மனிதர்களின் குணங்களை வெளிப்படுத்துவதாலேயே பிரயாணத்திற்கு அப்பெயர் வந்தது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்ற பெரியோர் விளக்கியுள்ளார்கள். ஒருவரைப் பற்றி நற்சான்று கூற முன்வந்தவரிடம், அவரோடு பிரயாணம் செய்ததுண்டா என்று உமர் (ரலி) அவர்கள் வினவியதாக வரும் செய்தியையும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம்.

சுபுஹுத் தொழுகையை ஜமாஅத்தோடு நிறைவேற்றியபின் பள்ளிவாசல் வாயிலிலேயே முதல் காரியமாக அமீரைத் தேர்ந்தோம். மூவர் பிரயாணம் புறப்பட்டாலும் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள வேண்டும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை, அபூதாவூதில் பதிவாகியுள்ளது. எங்கள் ஆசிரியர் அமீரானார். அவர் இட்ட கட்டளைகள் மூன்று. முதலாவது, நம்மில் மெதுவாகச் செல்பவரே முன்னால் செல்லவேண்டும். அவரை எவரும் முந்தக்கூடாது. இரண்டாவது, அமீர் எல்லோருக்கும் பின்னால் வருவார். மூன்றாவது, காற்றடிக்கும் பம்பு ஒரு துணி வியாபாரியிடமும், பஞ்சர் ஒட்டும் பொருள்கள் மற்றவரிடமும் இருக்கவேண்டும்.

முதலிரண்டு கட்டளைகளுக்கும் ஹதீஸில் வேர் இருக்கிறது. இமாமத் செய்பவர் பின்னால் நிற்பவர்களுள் பலவீனமானவரை அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்று உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். பிரயாணக் கூட்டத்தில் நபி (ஸல்) அவர்கள் பின்தங்கி வந்து, பலவீனரை ஊக்கி நடத்தி, தேவையானவரைத் தம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, அவர்களுக்காக துஆவும் செய்வார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். மூன்றாவது கட்டளையின் காரணத்தை அமீர் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

வாடைக் காற்றும் பழைய கரையும்

வாகனத்தில் ஏறும்போது ஓதவேண்டிய துஆவை ஓதி ஆறு மணியளவில் மிதிக்கத் தொடங்கினோம். ஜனவரியில் இப்பகுதியில் வடகிழக்குக் காற்று ஓயாது வீசும். கிழக்கு நோக்கிச் செல்பவருக்கு அது முகத்திலும் இடப்பக்கத்திலும் மோதும். வெயில் கடுமையில்லாத மாதம் என்பதால் அந்தக் காற்றை ஏற்றுக்கொண்டோம். புதிய தெம்புள்ள காலைப்பொழுதில் எதிர்க்காற்றைச் சமாளித்துவிடலாம். மாலையில் களைத்த கால்களுக்கு அது இயலாது.

சர்க்கரை நோயுள்ள நண்பர் முன்னால் செல்ல, மணிக்கு 12 கி.மீ. என்ற நிதானத்தில் சென்றோம். முதல் அரைமணி நேரம் பின்னால் வருவோருக்குப் பொறுமை கைகூடவில்லை. கால்கள் முந்தத் துடித்தன. பிறகு அந்த நிதானமே எல்லோருக்கும் இதமாகிவிட்டது. உச்சிப்புளியில் இறங்கி, இட்டலியும் தேநீருமாகப் பசியாறினோம். நண்பர் மருத்துவரின் ஆலோசனை பெற்றே வந்திருந்தார். உழைப்பு மிகும்போது இரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறைந்துவிடலாம் என்பதால், அவருடைய பையில் மட்டுமின்றி எங்கள் ஒவ்வொருவர் பையிலும் பேரீச்சம்பழமும் சர்க்கரைப் பொட்டலமும் இருந்தன.

உச்சிப்புளியைத் தாண்டினால் சாலைக்குத் தெற்கே கடலோரத்தில் வேதாளை இருக்கிறது. 1538இல் கோழிக்கோடு சாமூதிரிக்காகப் போரிட்ட மரைக்காயர்களின் கடற்படை போர்த்துகீசியரோடு மோதித் தோல்வியுற்றது இந்தக் கரையில்தான். அருகிலேயே மரைக்காயர்பட்டினம். அதற்கும் இரண்டு நூற்றாண்டுகள் முன்னர், மஅபர் என்று அரபியர் அழைத்த இச்சோழமண்டலப் பகுதியில் கரையேறிய இப்னு பதூதா, மதுரையின் சுல்தான் கியாஸுத்தீனைச் சந்தித்தார். பேருந்தில் செல்பவருக்கு இவ்வூர்கள் ஒரு பெயர்ப்பலகையாகக் கடந்துபோகின்றன. மிதிவண்டியில் செல்பவருக்கோ உப்புக் காற்றின் மணமும், தென்னந்தோப்பின் நிழலும், பாதையோரப் பெரியவரின் ஸலாமும் கிடைக்கின்றன. கைலியை மடித்துக்கட்டிய முதியவர் ஒருவர், “எங்கெ போறிய வாப்பா?” என்று வினவி, பதில் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

காலை பத்து மணியை நெருங்கும்போது மண்டபத்தை அடைந்தோம். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்றவர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாம் இங்குதான் இருந்தது. பிற்காலத்தில் இலங்கை அகதிகள் தங்கியதும் இங்கேயே. புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 37 கி.மீ. ஏறக்குறைய ஒரு மர்ஹலா! சுமையேற்றிய ஒட்டகத்தின் ஒரு பகல் உழைப்பு நான்கு மணி நேரத்தில் எங்கள் தொடைகளுக்கும் முதுகுக்கும் புரிந்துவிட்டது. ‘இதுபோல் இரண்டு மர்ஹலா தூரம் செல்பவருக்கே சலுகை’ என்று அமீர் சிரித்தார். பத்தாண்டுகள் பாடம் நடத்திய எனக்கும் அன்றுதான் அந்த எண்கள் எடையோடு விளங்கின.

பாலமும் பேக்கரும்பும்

1988 அக்டோபர் 2ஆம் நாள் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் 2.345 கி.மீ. நீளமுடையது. நடுவில் உயர்ந்திருப்பதால் அங்கே பக்கக்காற்று கைப்பிடியைப் பறிக்கப் பார்க்கும். வேடிக்கை பார்க்க நிறுத்தப்படும் வாகனங்களும் அபாயமே. இருவர் இணையாகச் செல்லாமல், ஒருவர் பின் ஒருவராக, இடைவெளிவிட்டு, உச்சியில் இறங்கித் தள்ளிக்கொண்டு சென்றோம். கீழே 1914இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம் தெரிந்தது. 2022 டிசம்பரில் அதன் பணி முடிந்தது. அதனருகில் எழுப்பப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டது; கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது.

தங்கச்சிமடத்தைக் கடந்து பேக்கரும்பில், மேனாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் அடக்கத்தலத்தில் ஸலாம் கூறி துஆச் செய்தோம். இராமேஸ்வரத்தில் படகுக்காரர் ஜைனுலாப்தீனின் மகனாக 1931இல் பிறந்து, சிறுவயதில் செய்தித்தாள் விநியோகித்து, மேல்படிப்புக்காக இராமநாதபுரத்து ஷ்வார்ட்ஸ் பள்ளிக்கு வந்தவர் அவர். நாங்கள் கிழக்கே சென்ற வழியில் அவர் மேற்கே வந்து, 2002இல் குடியரசுத் தலைவர் மாளிகை வரை சென்றார். 2015 ஜூலை 30இல் அவரது உடல் இம்மண்ணுக்கே திரும்பியது.

இராமேஸ்வரத்தில் லுஹர். எங்களுள் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் இருந்தோம். அரிச்சல்முனைவரை மொத்தம் சுமார் 75 கி.மீ.தான், இரு கணக்கின்படியும் கஸ்ருடைய தூரத்தை எட்டவில்லை. ஆகவே எல்லோரும் நான்கு ரக்அத்துகளையும் நிறைவாகத் தொழுதோம். களைப்பு சலுகை கேட்டது. சட்டம் தூரத்தைக் கேட்டது.

கருவேல முள்

உணவுக்குப்பின் தனுஷ்கோடிச் சாலை. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் மன்னார் வளைகுடா. ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டரில், முன்னால் சென்ற நண்பரின் பின்சக்கரம் தரையில் படிந்தது. சாலையோரம் வெட்டிப்போட்ட சீமைக்கருவேலக் கிளையின் முள் டயரைத் துளைத்திருந்தது.

பஞ்சர் ஒட்டும் பை ஒருவரிடம், பம்பு மற்றவரிடம். இருவரும் இறங்கி வந்தார்கள். ஒருவர் மௌனமாக டயரைக் கழற்றி டியூபை உருவினார். ஓட்டையைக் கண்டறியச் சிறிது காற்றேற்றி நீரில் அமிழ்த்திப் பார்க்கவேண்டும். அவர் நிமிர்ந்து பார்க்காமலே கையை நீட்டினார். பம்பு வைத்திருந்தவரோ கேட்காமல் கொடுக்கத் தயங்கி நின்றார். நாங்கள் மூவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“மச்சான், அந்தப் பம்பைக் கொடுங்க.”

ஈராண்டுகளுக்குப் பின் வந்த முதற்சொல் அது. பம்பு கைமாறியது. ஒருவர் உணவுப் பாத்திரத்தில் நீர் ஊற்றிப் பிடிக்க, மற்றவர் டியூபை அமிழ்த்திக் குமிழியைத் தேடினார். உப்புத்தாள் தேய்த்து, பசை தடவி, அது காயும்வரை இருவரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவசரப்பட்டு ஒட்டினால் நிற்காது என்பது மிதிவண்டி ஓட்டிய எல்லோரும் அறிந்ததே. அந்தச் சில நிமிடங்களில் அவர்கள் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. வியாபாரத்தைப் பற்றியும், தங்கையின் முழங்கால் வலியைப் பற்றியும் ஓரிரு வார்த்தைகள் காதில் விழுந்தன.

அதற்குள் அமீர் அந்த முட்கிளையை இழுத்துச் சாலைக்கு வெளியே வெகுதூரம் போட்டுவந்தார். பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றியதற்காகவே ஒரு மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்னும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பாதைகளில் கிடக்கும் முட்கள் கண்ணுக்குத் தெரிகின்றன; உறவுகளுக்கிடையே கிடப்பவற்றை அகற்றவும் யாரேனும் ஒருவர் வண்டியைவிட்டு இறங்கத்தான் வேண்டும்.

அரிச்சல்முனையில் அஸர்

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணியர் இரயில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலுக்கு இரையாயிற்று. தலைமன்னாருக்குக் கப்பல் சென்ற துறைமுகம், இரயில் நிலையம், அஞ்சலகம், தேவாலயம் எல்லாம் இன்று இடிந்த சுவர்கள். மணலால் மூடப்பட்டிருந்த கடைசிப் பகுதிக்கு 2017இல்தான் தார்ச்சாலை வந்தது.

ஒரே இரவில் ஓர் ஊர் முழுவதும் மறைந்துபோன மண்ணில் நிற்பவருக்கு, ஒரு வீட்டின் பங்குக்காக முறிந்த உறவு எப்படித் தோன்றும்? அதனை எவரும் அங்கு வாய்திறந்து சொல்லவில்லை. இரு மத்ஹபினருக்கும் பொருந்தும் நேரம்வரை காத்திருந்து, விரிப்பைக் கடற்காற்று தூக்காதவாறு நான்கு மூலைகளிலும் கல் வைத்து, அஸரை ஜமாஅத்தாகத் தொழுதோம். தொழுது முடித்தபின் மூத்த மச்சான் இளையவர் பக்கம் திரும்பி ஸலாம் சொல்லி முஸாஃபஹா செய்தார். ஒரு முஸ்லிம் தன் சகோதரரை மூன்று நாள்களுக்குமேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகாது என்பதையும், இருவரில் ஸலாமை முந்துபவரே சிறந்தவர் என்பதையும் அறியாதவர் நம்மில் யார்? அறிந்தது காலுக்கு இறங்க அன்று 75 கி.மீ. தேவைப்பட்டது.

பாகப் பிரிவினை இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்திரங்களும் கணக்குகளும் இருவரிடமும் இருக்கின்றன. ஆனால் இப்போது அவர்கள் ஒரே பாயில் அமர்ந்து ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையில் பேசுகிறார்கள். இரு வீட்டுப் பிள்ளைகளும் பெருநாளன்று ஒருவர் வீட்டிற்கு ஒருவர் சென்றார்கள்.

மாலைக்குள் அப்பகுதியைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்பதால் உடனே திரும்பினோம். இராமேஸ்வரத்தில் மஃரிப். முன்கூட்டியே பேசிவைத்திருந்த சரக்கு ஆட்டோவில் வண்டிகளை ஏற்றி, இரவு ஊர் சேர்ந்தோம். பிரயாணம் உணவையும் உறக்கத்தையும் தடுக்கும் ஒருவகை வேதனை. காரியம் முடிந்ததும் இல்லத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்பதும் நபிமொழியே.

நீங்களும் புறப்படலாம்

வாசகர்களே! 95 கி.மீ. உங்களுக்குத் தேவையில்லை. பத்து கி.மீ. தொலைவிலுள்ள உறவினர் வீட்டில் தொடங்குங்கள். சில குறிப்புகள்:

ஒரு மாதம் முன்பிருந்தே வாரம் மும்முறை மிதித்துப் பழகுங்கள். நெஞ்சு நோய், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புறப்படாதீர்கள்.

மிதிகட்டை அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையின் உயரத்தை அமையுங்கள். தாழ்ந்த இருக்கையே முழங்கால் வலிக்குப் பெரும் காரணம்.

பிரேக், டயர், சங்கிலி ஆகியவற்றை முதல்நாளே சரிபாருங்கள். பம்பு, ஒட்டுப்பொருள்கள், ஸ்பேனர், விளக்கு இல்லாமல் செல்லாதீர்கள். தலைக்கவசமும் வெளிர்நிற உடையும் அணியுங்கள்.

தாகம் எடுக்கும்முன் நீர் அருந்துங்கள். மணிக்கு ஒருமுறை இறங்கி இளைப்பாறுங்கள்.

தொழுகை நேரங்களை முதலில் குறித்து, அவற்றுக்கிடையே பயணத்தை அமையுங்கள். அமீரைத் தேர்ந்தெடுங்கள், அவருக்குக் கீழ்ப்படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களோடு பேச்சு நின்றுபோன ஒருவர் இருப்பாராயின் அவரையும் அழையுங்கள். பம்பை அவரிடம் கொடுத்துவையுங்கள்.

நம் பயணங்களை நலமுடையனவாகவும், நம் உறவுகளை இணைக்கப்பட்டவையாகவும் வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! ஆமீன்.